கை நீண்டால் படம் ஆடும்

1956இல் பிரிட்டிஷ் ஓட்டுநர் மைக் ஹாத்தார்ன் தன் ஜாகுவார் டி-டைப் காரில் ஒரு ஃபிலிம் கேமராவையும் ஒரு மைக்கையும் பொருத்திக்கொண்டு லு மான் பந்தயத் தடத்தை ஒருமுறை சுற்றிவந்தார். பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தத் தடத்தின் பெரும்பகுதி ஊர்ச் சாலைதான். அன்றைக்கு அது பொதுப் போக்குவரத்துக்கு மூடப்படவும் இல்லை. சைக்கிள்காரர்களையும் லாரிகளையும் தாண்டிக்கொண்டே, தடத்தைப் பற்றிச் சாவகாசமாகப் பேசிக்கொண்டு போகிறார் மனிதர். ஓடும் பந்தயக் காரிலிருந்து எடுத்த படங்களில் அது ஒரு முன்னோடி.

அடுத்து 1970. ஸ்டீவ் மெக்வீன் நடித்த 'லு மான்' திரைப்படத்துக்காக ஒரு போர்ஷே 908 கார், கேமராக்களைச் சுமந்தபடி நிஜமான 24 மணி நேரப் பந்தயத்திலேயே ஓடியது. 35 மி.மீ. ஃபிலிமின் ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். சுருள் மாற்றுவதற்காகவே தடத்தோரப் பணிமனையான பிட்டுக்குள் திரும்பத் திரும்ப நுழைந்தும், அந்தக் கார் கடைசிவரை ஓடி முடித்தது. ஆனால் ஓடவேண்டிய குறைந்தபட்சத் தூரம் தேறவில்லை என்று முடிவுப் பட்டியலில் அதற்கு இடம் தரவில்லை. 1979இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தில் பீட்டர் வில்லியம்சனின் டொயோட்டா செலிக்காவுக்குள் தொலைக்காட்சி கேமரா ஏறியது. காரிலிருந்து ஹெலிகாப்டருக்கு, அங்கிருந்து வீட்டுத் திரைக்கு என்று நேரலையாகவே படம் போனது.

ஒரு படக்குழுவும் ஒரு ஹெலிகாப்டரும் செய்த வேலையை இன்று 150 கிராம் எடையுள்ள ஆக்‌ஷன் கேமரா செய்துவிடுகிறது. ஆகவேதான் டிராக் டேக்கு வருகிறவர்களில் பாதிப் பேருடைய காரிலாவது ஒரு கேமரா தொங்குகிறது. டிராக் டே என்றால் போட்டி கிடையாது. கட்டணம் கட்டி, சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட 3.7 கிலோமீட்டர்த் தடமும் இப்படிப்பட்ட ஓட்டங்களைப் பார்த்த இடம்தான். வீடு திரும்பியதும் படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். கண்ணாடிக்கு வெளியே தடம் வெள்ளை வெளேரென்று இருக்கும், ஒலிப்பதிவில் காற்று மட்டும் இரையும், எல்லாவற்றுக்கும் மேலாக முழுக் காட்சியும் கூழாக நெளியும். அடுத்த மாதமே இன்னும் விலை உயர்ந்த கேமரா ஒன்று வாங்கப்படும். அதுவும் நெளியும்.

கேமராவில் பெரிதாகக் குறை இல்லை. அதைப் பிடித்திருக்கும் கையில்தான் குறை.

காருக்குள் எத்தனை வகை ஆட்டம் இருக்கிறது என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும் கார் உடல் விநாடிக்கு ஒன்றிரண்டு முறை ஏறி இறங்குகிறது. நம் கண்ணுக்கு அது பழகிய அசைவு. படத்தில் வந்தாலும் உறுத்தாது. சக்கரமும் அச்சும் சாலை மேட்டில் துள்ளுவது விநாடிக்கு 10 முதல் 15 முறை. அதற்கும் மேலே எஞ்சின். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு முறை எரிபொருள் வெடிக்கிறது. 900 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 900 சுற்று) சும்மா நின்று உறுமும்போது அது விநாடிக்கு 30 வெடிப்பு, அதாவது 30 ஹெர்ட்ஸ். 6000 ஆர்பிஎம்மில் 200 ஹெர்ட்ஸ்.

இனிக் கடையில் கிடைக்கும் ஒரு வழக்கமான மவுன்ட்டை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியில் ஒட்டும் சக்‌ஷன் கப், அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு மூன்று கணுக்கள் உள்ள பிளாஸ்டிக் கை, நுனியில் கேமரா. கேமராவின் எடையால் கையின் நுனி கொஞ்சம் தாழும். எவ்வளவு? கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் இந்தத் தாழ்வு ஒன்றே போதும், அந்த அமைப்பு எந்த வேகத்தில் ஆட விரும்பும் என்று கணக்கிட்டுவிடலாம். புவியீர்ப்பு முடுக்கத்தைத் தாழ்வால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் (2π) வகுத்தால் இயல்பு அதிர்வெண் வரும். கால் மில்லிமீட்டருக்கு விடை ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ். பிட்டில் நின்று உறுமும் எஞ்சின் தரும் 30 ஹெர்ட்ஸுக்கு இது அடுத்த வீடு. தள்ளுகிறவரின் தாளமும் ஆடுகிற பொருளின் தாளமும் ஒன்றாகும்போது சிறு தள்ளல்கூடப் பெரிய ஆட்டமாகும். இயற்பியல் இதை ஒத்ததிர்வு என்கிறது.

கையைப் பாதியாகக் குறைத்தால் என்ன ஆகும்? ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்ட தண்டின் மறுமுனை தாழும் அளவு, நீளத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். நீளம் பாதியானால் தாழ்வு எட்டில் ஒரு பங்கு. கால் மில்லிமீட்டர் இருந்த இடத்தில் மில்லிமீட்டரில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. இயல்பு அதிர்வெண் 31இலிருந்து 90 ஹெர்ட்ஸ் அருகே தாவுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 90 ஹெர்ட்ஸ் தருவது 2700 ஆர்பிஎம்மில். தடத்தில் ஓடும் எஞ்சின் பெரும்பாலும் 3500க்கும் 6500க்கும் இடையில்தான் வேலை செய்யும். 2700ஐ அது கடந்துபோகுமே தவிர அங்கே தங்காது. சக்கரத் துள்ளல் கீழே வெகு தூரத்தில் கிடக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லாமல், கணுவைக் கழற்றிக் கையைக் குட்டையாக்கிய ஒரே செயலில் கேமரா இரண்டு தொல்லைகளுக்கும் நடுவே பாதுகாப்பாக ஒதுங்கிவிட்டது.

மும்மடி விதி முழுத் தண்டுக்குப் பொருந்துவது. கடை மவுன்ட்டில் கணுக்களும் இருக்கின்றன; ஒவ்வொரு கணுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் நெகிழும். எனவே நிஜத்தில் லாபம் இந்தக் கணக்கிலிருந்து கொஞ்சம் மாறலாம். விரலால் கேமராவை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் ஒரே நொடியில் அடங்கினால் நல்ல மவுன்ட். தட்டிய பிறகும் கண்ணுக்குத் தெரியும்படி ஆடிக்கொண்டிருந்தால், கேமரா என்ன விலையாக இருந்தாலும் அந்தப் படம் தேறாது. கையைக் குறைக்க முடியாத இடத்தில் இரண்டாவது கை ஒன்றைக் கொடுத்து முக்கோணமாக்குவது அடுத்த வழி. முக்கோணம் எளிதில் வளையாது என்பது கூரை போடுகிற ஆசாரிக்குத் தெரிந்ததுதான்.

சரி, ஆடினால் படம் மங்கத்தானே வேண்டும், ஏன் நெளிகிறது? இதற்குப் பதில் சென்சாருக்குள் இருக்கிறது. 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்த சிசிடி சென்சார்தான் நெடுநாள் வீடியோ கேமராக்களை ஆண்டது. 2009இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. வீடியோவுக்கான சிசிடி முழுக் காட்சியையும் ஒரே கணத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக வெளியே அனுப்பும். இன்றைய கேமராக்களில் இருக்கும் சிமாஸ் சென்சார், விலையிலும் மின்செலவிலும் அதைத் தோற்கடித்தது. ஆனால் அது படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் 16 மில்லி விநாடி ஆகிறது என்று கொள்வோம். 200 ஹெர்ட்ஸில் ஆடும் கேமரா அதற்குள் மூன்று முறைக்கு மேல் இடமும் வலமும் போய் வந்துவிடும். மேல் வரி ஓரிடத்திலிருந்து பார்த்த காட்சி, அடுத்த வரி சற்றுத் தள்ளிப் பார்த்த காட்சி. நேராக நிற்கும் கதவுத் தூண் படத்தில் பாம்பாகிறது. அந்த நெளிவில் எத்தனை அலைகள் என்று எண்ணினால் கேமரா எந்த அதிர்வெண்ணில் ஆடியது என்றே சொல்லிவிடலாம். கெட்டுப்போன படம் ஒரு அளவுக் கருவி. அந்தக் கோணத்தில் ரசிக்கலாம்.

வெயில் இந்த நெளிவைக் கூட்டும். ஆக்‌ஷன் கேமராக்களின் லென்ஸில் ஒளி நுழையும் துளையைப் பெரும்பாலும் சுருக்க முடியாது. ஒளி அதிகமானால் அவற்றுக்கு இருக்கும் முக்கியமான வழி, ஷட்டரை வேகப்படுத்துவது. நண்பகலில் அது 1/2000 விநாடிக்குப் போய்விடும். அவ்வளவு குறுகிய கணத்தில் ஒவ்வொரு வரியும் துல்லியமாக உறைகிறது. ஆகவே நெளிவும் துல்லியமாகத் தெரிகிறது. ஷட்டர் 1/125 விநாடி திறந்திருந்தால் அதற்குள் 200 ஹெர்ட்ஸ் ஆட்டம் ஒன்றரை முறை நடந்து முடியும். எல்லாம் கலந்து, பார்க்கச் சகிக்கும் லேசான மங்கலாகிவிடும். 1/2000க்கும் 1/125க்கும் உள்ள வேறுபாடு பதினாறு மடங்கு. ஒளியைப் பதினாறில் ஒரு பங்காக்கும் சாம்பல் நிற ஃபில்டர் ஒன்றை, என்டி16 என்று கேட்டால் தருவார்கள், லென்ஸ்மேல் மாட்டினால் ஷட்டர் தானாக அங்கே இறங்கிவரும். மவுன்ட்டுக்கு அடுத்தபடியாகக் காசு போட வேண்டிய இடம் இதுதான் என்பது என் கட்சி.

"ஆட்டத்தைச் சரிசெய்யத்தான் கேமராவிலேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். காருக்குள் அதை அணைத்து வையுங்கள். கேமராவின் கைரோ காரோடு சேர்ந்துதான் ஆடுகிறது. வெளியே தொடுவானம் அசையக் கூடாது என்று அது படத்தை நகர்த்தும். அப்போது காரோடு ஒட்டியிருக்கும் டாஷ்போர்டும் ஸ்டியரிங்கும் குதிக்கத் தொடங்கும். கார் உடல் துளியும் படத்தில் இல்லாதபடி பம்பரில் பொருத்திய கேமராவுக்கு மட்டுமே அது பயன்படும். லென்ஸே மிதந்து அசையும் வகையைப் பற்றி இன்னும் கவனம் வேண்டும். சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள்களில் ஐஃபோனை நேரடியாகப் பூட்டினால் அந்த அதிர்வு கேமராவின் செயல்திறனைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கும் அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

ரப்பர் வைத்தால் அதிர்வு வராது என்பது பாதி உண்மை. மெத்தென்ற தாங்கி தன் இயல்பு அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்குக்கு மேற்பட்ட ஆட்டங்களை மட்டுமே குறைக்கும். அதற்குக் கீழே உள்ளவற்றைக் கூட்டிக் கொடுக்கும். தடிமனான ஸ்பாஞ்சில் உட்காரவைத்த கேமரா, எஞ்சின் உறுமலுக்கு அசையாது. ஆனால் சக்கரம் மேட்டில் ஏறும்போதெல்லாம் தலையாட்டும். எனவே தடித்த ஸ்பாஞ்ச் வேண்டாம். கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்கும் ரோல் பாரில் கிளாம்ப் மாட்டுகிறீர்களா, கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவே பழைய டியூபிலிருந்து வெட்டிய ஒரு மெல்லிய துண்டு போதும்.

இனி எங்கே பொருத்துவது? பார்த்து ரசிக்கவா, ஓட்டக் கற்றுக்கொள்ளவா என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடம் வேறு. தரைக்கு அருகே, பம்பரின் மூலையில் வைத்த கேமராவில் வேகம் பிய்த்துக்கொண்டு போகும். பக்கத்தில் உள்ள பொருள் கண்ணைக் கடக்கும் கோண வேகம், தூரம் குறையக் குறைய ஏறும். இரண்டு மீட்டருக்குப் பதில் அரை மீட்டரில் சாலை ஓடினால் நான்கு மடங்கு. ஆனால் அந்தப் படத்திலிருந்து எதையும் கற்க முடியாது. ஓட்டுநரின் கை என்ன செய்தது, எந்தப் புள்ளியில் பிரேக் விழுந்தது, வளைவின் உள்விளிம்பைச் சக்கரம் தொட்டதா என்று பார்க்க வேண்டுமானால், இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே, தோளுக்குச் சற்று மேலே, பின்னால் இருந்து பார்க்க வேண்டும். ரோல் கேஜ் உள்ள கார் என்றால் இடம் தயாராகவே இருக்கிறது. இல்லாதவர்கள் ஹெட்ரெஸ்ட்டின் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொள்ளலாம். இருக்கையின் ஸ்பாஞ்ச் ஆடுவதால் அது இரண்டாந்தரம்தான்.

கற்பதற்கு மிக அகலமான கோணமும் ஆகாது. பத்து மீட்டர் அகலத் தடம், நூறு மீட்டர் தள்ளிப் பார்த்தால் ஆறு டிகிரிக்கும் குறைவான இடத்தைத்தான் நிரப்பும். 120 டிகிரி பார்க்கும் லென்ஸில் 1920 புள்ளி அகலப் படத்தில் அது சுமார் 90 புள்ளி. 70 டிகிரியில் சுமார் 155. எதிர்வரும் வளைவைப் பார்க்கத்தான் படம் எடுக்கிறோம் என்றால், 4கே வாங்குவதைவிடக் கோணத்தைச் சுருக்குவது மலிவு. 4கே பல கேமராக்களில் சூட்டையும் கூட்டும். மூடிய காரில், கண்ணாடிக்குப் பின்னால், மே மாத வெயிலில் கேமரா தானே அணைந்துவிடுவதற்கு அதைவிடக் காரணம் வேண்டாம். 1080பி, விநாடிக்கு 60 ஃபிரேம், போதும்.

உள்ளே இருட்டு, வெளியே வெயில் என்ற தொல்லைக்கும் சுருக்கமான மருந்து உண்டு. தானியங்கி ஒளி அளவி படத்தில் பெரும்பகுதியாக இருக்கும் இருட்டு கேபினைப் பார்த்து ஏமாந்து, தடத்தை வெளுக்க வைக்கிறது. அளவை ஒரு படி கீழே இழுத்து வைத்தால் தடம் தெரியும், கேபின் கறுக்கும், கறுக்கட்டும். டாஷ்போர்டின் பிம்பம் கண்ணாடியில் தெரிந்தால், அதன்மேல் பளபளப்பில்லாத கறுப்புத் துணி ஒன்றை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். பறந்து பெடலுக்கடியில் போய்விடாதபடி ஒட்டுவது முக்கியம்.

சக்‌ஷன் கப்பை நம்பலாமா என்ற கேள்வி எல்லோருக்கும் உண்டு. வளிமண்டலம் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ அளவுக்கு அழுத்துகிறது. எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள கப்பின் பரப்பு ஐம்பது சதுர சென்டிமீட்டர். உள்ளே பாதிக் காற்றை வெளியேற்றியிருந்தாலும் இருபத்தைந்து கிலோ பிடி. 180 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே இருக்கும் சிறு கேமராவின் மேல் காற்று தள்ளுவது அரைக் கிலோ எடை அளவுதான். கணக்கு இவ்வளவு சாதகமாக இருந்தும் கப்புகள் விழுகின்றன. வெயிலில் உள்ளே மாட்டிய காற்று விரிவதுதான் காரணம் என்பார்கள். 30 டிகிரியிலிருந்து 60க்கு ஏறினாலும் அந்தக் காற்றின் அழுத்தம் பத்து சதவீதம்தான் கூடும். அதற்கெல்லாம் கப் விழாது. தூசியும் கீறலும் வழிவிட, காற்று மெல்லக் கசிவது ஒன்று. சூட்டில் பிளாஸ்டிக் இளகுவது இன்னொன்று. நீளமான கை நெம்புகோலாக மாறி, கப்பின் ஒரு விளிம்பை மட்டும் உரித்தெடுப்பது மூன்றாவது. மறுபடியும் கையின் நீளம்! ஈரத்துணியால் கண்ணாடியையும் கப்பையும் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். முடிந்தவரை கண்ணாடியில் ஒட்டுங்கள். பெயின்ட்மேல் பாதுகாப்புப் படலம் ஒட்டிய இடத்தில் கப் பிடித்திருந்தாலும் படலம் உரியலாம்.

எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் ஒரு கயிறு வேண்டும். 150 கிராம் கேமரா 180 கிலோமீட்டர் வேகத்தில் கழன்றால் அதில் ஏறத்தாழ 190 ஜூல் ஆற்றல் இருக்கும். 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தில் 140தான். பின்னால் வருவது இன்னொருவருடைய கண்ணாடி. கயிற்றின் மறுமுனையை அதே மவுன்ட்டில் கட்டுவதை நிறையப் பார்க்கலாம். மவுன்ட் விழுந்தால் கயிறும் சேர்ந்து விழும். காரில் வேறு ஓர் உறுதியான இடத்தில் கட்டுங்கள், குட்டையாகக் கட்டுங்கள். உள்ளே வைத்த கேமராவுக்கும் இதுதான் விதி. மோதலில் முப்பது மடங்கு புவியீர்ப்பு விசை வந்தால் ஒன்றரைக் கிலோ ஹேண்டிகேம் நாற்பத்தைந்து கிலோவாகி முன்னே பறக்கும். ஏர்பேக் விரியும் பாதையில் எதையும் வைக்காதீர்கள். ஹெல்மெட்டில் ஒட்டாதீர்கள், அடியைப் பரப்பிக் கொடுக்க வேண்டிய ஓட்டின்மேல் கடினமான ஒரு முனையை நாமே நட்டு வைப்பது அது. தட நிர்வாகத்தின் விதியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் வடதடத்தில் பொதுமக்கள் ஓட்டும் நாட்களில் படம் எடுப்பதற்கே தடை இருக்கிறது.

ஒலியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. படம் விநாடிக்கு அறுபது முறைதான் பார்க்கிறது. ஒலிப்பதிவோ 48,000 முறை கேட்கிறது. காற்று படாத இடத்தில், உதாரணமாகப் பின் இருக்கைக்குக் கீழே, ஒரு மைக்கை வைத்தால் எஞ்சினின் சுருதி தெளிவாகப் பதியும். ஏதாவது ஓர் ஆடியோ மென்பொருளில் அதிர்வெண் படத்தைத் திறந்து, உரக்க ஒலிக்கும் கோட்டைப் படித்து, நான்கு சிலிண்டர் என்றால் 30ஆல், மூன்று சிலிண்டர் என்றால் 40ஆல் பெருக்குங்கள். அந்தக் கணத்தின் ஆர்பிஎம் கிடைத்துவிடும். எந்த வளைவில் எஞ்சின் சுணங்கியது, எங்கே கியரைச் சீக்கிரம் மாற்றினோம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கருவி விற்பவர்கள் இதைத் தனிப் பெட்டியாக விற்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேலை. முதல் ஓட்டம் முடிந்து பிட்டுக்குத் திரும்பியதும், தண்ணீர் குடிப்பதற்கு முன்பே, மவுன்ட்டின் எல்லாத் திருகுகளையும் மறுபடி ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் கணு சூடேறியதும் இளகும். முதல் இருபது நிமிட அதிர்விலேயே திருகு தளர்ந்துவிடும்.